மொய்து பாயின் கைராசி

வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்துக் கொப்பளிப்பதைப் போல நல்ல வைத்தியம் வேறு கிடையாது, சார். பல்லில் எது வந்தாலும் முதல் நாள் அதைச் செய்தால் பாதி வலி போய்விடும். மகாவுக்கும் நான் முதலில் அதைத்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததை மட்டும் வைத்து ஒரு மனிதனை எடை போடுவது நியாயமில்லை.

என் பெயர் மொய்து. வயது நாற்பத்தெட்டு. மட்டாஞ்சேரி பஜாரில், சுக்குக் கிடங்குக்கு மேல் மாடியில் இருக்கும் பல் கிளினிக்கில் பதினாறு வருஷமாக உதவியாளன். டாக்டர் சுதர்ஷனுக்கு ஆலுவாவில் பெரிய கிளினிக். இங்கே செவ்வாயும் சனியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் கதவைத் திறப்பதும், கருவிகளைச் சுத்தம் செய்வதும், போனில் அவரைக் கேட்டு மருந்து எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. பல்லைக் குடைவது என் வேலை இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் தமிழ்தான். அதனால் கிடங்குகளில் வேலை செய்கிற தமிழ்ப் பெண்கள் எல்லாரும் எங்களிடம் வருவார்கள். டாக்டரிடம் வந்தார்கள் என்று பலகையில் எழுதலாம். உண்மையில் என்னிடம் வந்தார்கள். எப்படி ஆரம்பித்தது என்று தெரியவில்லை, எனக்குக் கைராசி என்று ஒரு பேச்சு பரவியிருந்தது. டாக்டர் கையுறை போடும்முன் நான் ஒருமுறை கன்னத்தைத் தொட வேண்டும். தொட்டால்தான் வாயைத் திறப்பார்கள். டாக்டர் சிரிப்பார். "மொய்தே, நான் ஏழு வருஷம் படிச்சது வெறுதே" என்பார், எல்லாம் வீண் என்று. அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்கு அது பிடிக்கும்.

இன்னொன்றும் அந்தப் பெண்கள் நம்பினார்கள். ஒரு கை தொடங்கிய வைத்தியத்தை அந்தக் கையே முடிக்க வேண்டும். பாதியில் கை மாறினால் ராசி முறிந்துவிடும். இதை நான் உண்டாக்கவில்லை. அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது. நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

மகா எங்களுக்குக் கீழே சுக்கு பொறுக்குகிறவள். தேனிப் பக்கம். முப்பத்தொரு வயது இருக்கும். இங்கே வந்து எட்டு வருஷம். புருஷன் பாண்டித்துரைக்கு ஏலூரில் காண்டிராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். அவளுக்கு வலது கீழ்க்கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால். செவ்வாய்க்கிழமை டாக்டர் பல்லைத் திறந்து, மருந்து வைத்து மூடி, சனிக்கிழமை வரச் சொன்னார்.

அவள் வியாழக்கிழமையே படியேறி வந்துவிட்டாள்.

"பாய், ரெண்டு நாளா கண்ணு மூடல. நீங்களே தொறந்து விட்டுருங்க, புண்ணியமாப் போகும்."

டாக்டருக்குப் போன் செய்தேன். மேல் அடைப்பை மட்டும் எடுத்துவிடு, சனிக்கிழமை நான் பார்க்கிறேன் என்றார். எடுத்தேன். உள்ளே கட்டியிருந்தது வெளியேறியதும் வலி சட்டென்று இறங்கியது. அவள் கண்ணில் தண்ணீர்.

"டாக்டரு கை பட்டா வலிக்குது. உங்க கை பட்டா போயிருது. மிச்சத்தையும் நீங்களே பண்ணி விட்ருங்களேன் பாய்."

அப்படி ஒருத்தி சொன்ன பிறகு எழுந்துபோய்க் கை கழுவ எனக்கு மனம் வரவில்லை, சார்.

வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்ய ஒரு ஊசி உண்டு. தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன். டாக்டர் ஆயிரம் முறை திருகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நானும் திருகினேன். நன்றாகத்தான் போனது. இன்னும் ஒரு சுற்று என்று நினைத்தேன். டிக்கென்று கேட்டது. நகம் வெட்டும்போது கேட்குமே, அவ்வளவு சின்னச் சத்தம்.

ஊசியை வெளியே எடுத்தேன். நுனி இல்லை.

வாய் திறந்தபடியே அவள் கண்ணால் கேட்டாள். "ஒண்ணுமில்ல, பல்லு சுத்தமாகுது" என்றேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். வேரின் அடியில் ஒரு வெள்ளைக் கீற்று. படத்தைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். சிமெண்ட் வைத்துப் பல்லை மூடினேன்.

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஊசி உடைவது படித்தவர்கள் கையிலும் நடப்பதுதான். சொல்லியிருந்தால் எடுக்க வழி பார்த்திருப்பார், அல்லது பெரிய இடத்துக்கு அனுப்பியிருப்பார். பல் போயிருக்கலாம், ஆள் போயிருக்க மாட்டாள். ஆனால் ஊசியை நீ ஏன் தொட்டாய் என்று ஒரு கேள்வி வரும். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் காதில் விழும்படி வரும்.

மகாவிடம், "வேலை முடிஞ்சிருச்சு, ஒரு மாசம் கழிச்சு பல்லுக்கு மூடி போடலாம்னு டாக்டர் போன்ல சொல்லிட்டார்" என்றேன். கேஸ் ஷீட்டில், நோயாளி ஊருக்குப் போயிருக்கிறார் என்று எழுதினேன்.

சனிக்கிழமை டாக்டர் கேட்டார். "ஆ மகா எவிடெ?"

"நாட்டில் போயி, சாரே." ஊருக்குப் போய்விட்டாள் என்றேன்.

அந்த நேரம் பலகைத் தரை வழியாகக் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மகாவின் சிரிப்பு. டாக்டர் காதிலும் விழுந்தது. யாருடையது என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் நான் முதன்முறையாகப் பயந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே இல்லை. செவ்வாயும் சனியும் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் யார் என்று ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன்.

ஒன்பதாம் நாள் கன்னம் வீங்கியது. அலமாரியில் இருந்த ஆன்டிபயாடிக் ஐந்து நாளைக்குக் கொடுத்தேன். இறங்கியது. மாத்திரை முடிந்த மூன்றாம் நாள் மறுபடி ஏறியது. இந்த முறை ஈறில் ஒரு சீழ்க் கொப்புளம். அழுத்தினால் உப்பாக வருகிறது என்றாள். "உடம்புச் சூடு. இளநீர் குடி" என்றேன். செவ்வாயும் சனியும் மேலே வராதே, அன்றைக்கு டாக்டருக்குக் கூட்டம் அதிகம், நான் தனியாகக் கவனிக்கிறேன் என்றேன். பாய் தனியாகக் கவனிக்கிறார் என்பதில் அவளுக்குப் பெருமை.

கிடங்கில் அவளோடு வேலை செய்கிற சீனியம்மாள் என்று ஒருத்தி. ஐம்பது வயதுக்காரி. வாய்க்குப் பூட்டு கிடையாது. அவள்தான் படியில் நின்று கேட்டாள்.

"என்ன பாய், ஒங்க கைராசி இந்தப் பல்லுல மட்டும் லீவு போட்ருச்சாக்கும்?"

வராந்தாவில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தேன்.

என் மனைவி ஷம்னாவுக்கு ஆஸ்துமா. மழைக்காலத்தில் மூச்சு ரொம்ப முட்டினால் போட்டுக்கொள்ள டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை வீட்டில் இருந்தது. ஸ்டீராய்டு. எந்த வீக்கத்தையும் அமுக்கிவிடும். அவளுடைய டாக்டர் எழுதும்போதே சொன்னார், நான் பக்கத்தில்தான் இருந்தேன். உடம்பில் கிருமி இருக்கும்போது இதைச் சும்மா போடக் கூடாது, கிருமிக்குக் கொண்டாட்டம். நாள்கணக்கில் போட்டுவிட்டால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தளர்ந்து விழுந்துவிடும். எனக்கு ஞாபகசக்தி நன்றாக உண்டு, சார். ஒரு வார்த்தை மறக்கவில்லை.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, பெயர் இல்லாத காகித உறையில் போட்டு மகாவிடம் கொடுத்தேன். மூன்று வேளை.

இரண்டே நாளில் முகம் பழையபடி ஆகிவிட்டது. கிடங்கிலிருந்து பெண்கள் எல்லாம் அவளைப் பார்க்க வந்தார்கள். சீனியம்மாள் அவள் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"ஆத்தி, பூசணிக்காயா இருந்த மூஞ்சி, இப்பப் பொண்ணு பாக்க வரச் சொல்லலாம் போலயே. பாய், நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க."

நான் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டு மாத்திரை தீர்ந்ததும் தோப்பும்படிக்குப் போய் வாங்கினேன். மட்டாஞ்சேரி மருந்துக்கடைகளில் என்னை எல்லாருக்கும் தெரியும்.

இருபது நாள் அப்படி ஓடியது. வீக்கம்தான் அடங்கியிருந்தது, உள்ளே இருந்தது அடங்கவில்லை. ஒருநாள் அவள் தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தது. அழுத்தினால் குழி விழவில்லை.

வாய் எவ்வளவு திறக்கிறது என்று நாங்கள் விரலை வைத்துத்தான் பார்ப்போம். நல்ல வாய்க்குள் மூன்று விரல் அடுக்கிப் போகும். மகாவுக்கு அன்று இரண்டு விரல் போனது. இரண்டு நாள் கழித்து ஒன்று. அடுத்து என் சுண்டுவிரல் மட்டும். அதன்பிறகு நான் விரலை வைத்துப் பார்க்கவில்லை.

அவள் பேச்சு மாறியது. வெற்றிலைச் சாறு வாயில் தேங்கியவள் பேசுவது போல இருந்தது. நாக்கை யாரோ கீழேயிருந்து தூக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். படுத்தால் தொண்டை அடைக்கிறது, சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். வியாழக்கிழமையிலிருந்து தண்ணீரே இறங்கவில்லை. மாத்திரையும் இறங்கவில்லை. எச்சிலைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பாய், செத்துருவேனா?"

"பல்லுவலில யாராவது சாவாங்களா?" என்றேன்.

வெள்ளிக்கிழமை சீனியம்மாள் மேலே வந்தாள். இந்த முறை கிண்டல் இல்லை.

"பாய், இது எனக்குச் சரியாப் படல. நான் எறணாகுளம் பெரியாஸ்பத்திரிக்கு இவளக் கூட்டிட்டுப் போறேன்."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க சீனியம்மா. நான் தடுக்க மாட்டேன். ஆனா பாதியில கை மாறுது. அப்புறம் என் கையில ராசி நிக்குமா நிக்காதான்னு நான் சொல்ல முடியாது."

இதை நான் மெதுவாகத்தான் சொன்னேன். மகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பாய் கையே இருக்கட்டும் என்று சைகை காட்டினாள். ஆக, போகாதே என்று நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளாகத்தான் போகவில்லை. சீனியம்மாளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள்.

மறுநாள் சனிக்கிழமை. டாக்டர் பத்து மணிக்கு வருவார். ஒன்பதரைக்குச் சீனியம்மாள் மகாவைத் தோளில் தாங்கிப் படியேற்றிக் கொண்டுவந்துவிட்டாள்.

"இன்னைக்கு டாக்டரு பாக்காம நான் நகர மாட்டேன்" என்றாள்.

வராந்தாவில் உட்கார வைத்தால் டாக்டர் உள்ளே நுழையும்போதே பார்த்துவிடுவார். நான் பதறவில்லை, சார். "எக்ஸ்ரே ரூம்ல உக்காரட்டும், அங்க ஃபேன் இருக்கு. டாக்டர் வந்ததும் முதல் ஆளா அங்கயே வந்து பார்ப்பார். நீங்க கீழ போய் வேலையைப் பாருங்க, முடிஞ்சதும் கூப்பிடுறேன்" என்றேன். சீனியம்மாள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நம்பினாள். அந்தப் பெண்கள் என்னை அவ்வளவு நம்பினார்கள்.

எக்ஸ்ரே அறையில் ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்.

டாக்டர் பத்தேகாலுக்கு வந்தார். ஏழு பேரைப் பார்த்தார். ஒரு நோயாளிக்கு எக்ஸ்ரே வேண்டும் என்றார். மிஷின் ரிப்பேர், திங்கட்கிழமை ஆள் வருவான் என்றேன். பதினொன்றரை இருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது. மெல்ல, விட்டு விட்டு.

டாக்டர் தலையைத் தூக்கினார். "அதெந்தா ஒரு சப்தம்?"

"தாழெ சாக்கு இறக்குகயாணு, சாரே."

கீழே மூட்டை இறக்குகிறார்கள் என்றேன். அவர் மறுபடி குனிந்துகொண்டார். நான் வாய்த் தண்ணீரை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன். தட்டுவது பன்னிரண்டு மணிவரை கேட்டது. பிறகு கேட்கவில்லை. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பல நாள் தூங்காதவள்.

டாக்டர் ஒன்றரைக்குக் கிளம்பினார். கார் திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

மகா கதவுக்குப் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டு, கைகளை ஊன்றி, முகத்தை மேலே நீட்டிக்கொண்டிருந்தாள். உதடு நாவல்பழ நிறம். மூச்சு ஓட்டை விழுந்த விசில் மாதிரி வந்தது. எனக்குப் பின்னால் சீனியம்மாள் நின்றாள். எப்போது ஏறி வந்தாள் என்று தெரியவில்லை. என்னைத் தள்ளிவிட்டு, மகாவை வாரித் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே ஆட்டோ புறப்படுகிற சத்தம் கேட்டது. நான் எக்ஸ்ரே அறைத் தரையைத் துடைத்தேன்.

வெலிங்டன் தீவைத் தாண்டும்போதே அவளுக்கு நினைவு தப்பிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கழுத்தில் துளை போட்டு, குழாய் வைத்து மூச்சைக் காப்பாற்றினார்கள். தாடைக்கு அடியில் கீறிச் சீழை எடுத்தார்கள். ஸ்கேனில் அந்த ஊசி நுனி தெரிந்தது. டாக்டர் சுதர்ஷன் கையில் உடைந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. அவர் பெரிய மனிதர், தாங்கிக்கொள்வார்.

ஞாயிறு காலை அவர் எனக்குப் போன் செய்தார். கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ, நான் ஆலுவாவிலிருந்து வந்துகொண்டிருக்கிறேன் என்றார். போனேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சின்ன வயது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மகாவுக்கு நினைவு திரும்பியிருந்தது. தொண்டையில் குழாய் இருப்பதால் பேச்சு இல்லை. பாண்டித்துரை ரத்தம் ஏற்பாடு செய்யக் கீழே போயிருந்தான். படுக்கைக்கு அந்தப் பக்கம் சீனியம்மாள்.

பெண் டாக்டர் என்னிடம் கேட்டார். "பி.பி. கேறுன்னில்லா. எந்து கொடுத்திட்டும் கேறுன்னில்லா. இவர் முன்பு ஸ்டீராய்டு வல்லதும் கழிச்சிட்டுண்டோ?"

ரத்த அழுத்தம் என்ன கொடுத்தாலும் ஏற மாட்டேன் என்கிறது; இதற்கு முன்பு ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்கிறார். சாப்பிட்டிருந்தால் அதற்கு வேறு ஊசி உண்டு, உடனே போடலாம் என்றும் சொன்னார்.

"இல்லா, மேடம்" என்றேன்.

மகா இங்கே எட்டு வருஷம் இருந்தவள். மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாது, கேட்டால் புரியும். அவள் கையை உயர்த்தி எழுதுவது போலக் காட்டினாள். நர்ஸ் ஒரு தாளை அட்டையில் வைத்துப் பேனாவைக் கொடுத்தாள். தமிழில் எழுதினாள். நாலு வரிக்கு நாலு நிமிஷம் ஆனது.

பெண் டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நர்ஸுக்கும் தமிழ் எழுத்து தெரியாது. சீனியம்மாள் பள்ளிக்கூடம் போகாதவள். "எனக்கு எழுத்துத் தெரியாது பாய், நீங்கதான் படிக்கணும்" என்றாள். தாள் என் கைக்கு வந்தது.

*பாய் குடுத்த சின்ன வெள்ள மாத்திர. 26 நாள். 3 வேள. வியாழன்லருந்து முழுங்க முடியல.*

உங்கள் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம், அதில் அப்படித்தான் எழுதியிருந்தது. எனக்குப் புரிந்தது. அந்த வேறு ஊசி என்ன ஊசி என்பதும் புரிந்தது. மறுநாள் பகல் அவள் இறந்து, நர்ஸ் கேஸ் ஷீட்டோடு சேர்த்து வைத்திருந்த தாளைப் பாண்டித்துரை வாசிக்கும்வரை, அது புரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

"எந்தா எழுதியிரிக்குன்னது?" என்றார் பெண் டாக்டர்.

"பேடியாகுன்னு என்னு, மேடம்." பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள் என்றேன்.

அவர் குனிந்து மகாவின் நெற்றியைத் தடவினார். "பேடிக்கண்டா, மோளே" என்றார். பயப்படாதே மகளே. மகா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். அது பாதியிலேயே விழுந்துவிட்டது. நர்ஸ் என்னிடமிருந்து தாளை வாங்கிக் கேஸ் ஷீட்டில் செருகினாள். நான் அந்தக் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போகும்வரை விடவில்லை.

நான் பொய் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கண்களைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் படித்திருப்பீர்கள், சார்.